திங்கட்கிழமை காலையில் துடைத்த மருந்து

என் இடது கட்டைவிரல் நகம் சொத்தையானது மாம்பழத்தால். சொன்னால் யாரும் நம்புவதில்லை. மாம்பழம் தின்றால் சூட்டுக்கட்டி வரும் என்பார்கள், நகம் கெடும் என்று யாரும் சொல்லக் கேட்டதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு சீசன் நான் கிருஷ்ணகிரி பக்கத்தில் ஒரு மாம்பழக் கூழ்க் கம்பெனியில் பழம் நறுக்கினேன். காவேரிப்பட்டினத்திலிருந்து காலை பஸ்ஸில் போய், நாள் முழுக்க ஈரத்தில் நின்று, ஈரத்தில் கைவைத்து, ஈரப் புடவையோடு வீட்டுக்கு வருவேன். முதல் சீசனில் நகத்தின் ஓரம் வெளுத்தது. இரண்டாவது சீசனில் அது மஞ்சளாகித் தடித்து, நுனியில் சுண்ணாம்பு போல உதிர ஆரம்பித்தது. அங்கே பாதிப் பெண்களுக்கு ஏதாவது ஒரு விரல் அப்படித்தான் இருந்தது. அதனால் அது வியாதி என்றே எங்களுக்குத் தோன்றவில்லை.

வியாதிதான் என்று தெரிந்தது, வெளிநாட்டிலிருந்து கூழ் வாங்குகிறவர்கள் கம்பெனியைப் பார்க்க வந்த நாளில். மேஸ்திரி காலையிலேயே எல்லார் கையையும் பார்த்து, ஆறு பேரைத் தனியாகப் பிரித்து, கொட்டைக் குவியலுக்குப் பின்னால் போய் உட்காரச் சொன்னார். நானும் அந்த ஆறில் ஒருத்தி. வந்தவர்களின் கார் திரும்பிப் போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். ஈக்கள் மட்டும் எங்களை வித்தியாசம் பாராமல் நடத்தின. அடுத்த சீசனுக்கு எங்கள் ஆறு பேரையும் கூப்பிடவில்லை. அதற்குள் எனக்குக் கல்யாணமாகி ஓசூருக்கு வந்துவிட்டதால் எனக்கொன்றும் நஷ்டமில்லை என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் அவமானம் கூடவே ஓசூருக்கு வந்தது.

என் வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். தொண்ணூறுகளின் நடுவில் அந்த ஊரில் புதிது புதிதாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்தன. பத்தாவது பாஸ் செய்த பெண்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நான் ஒன்றுக்கு எழுதிப் போட்டேன். வண்டிகளுக்கு வேகம் காட்டும் மீட்டர் செய்கிற கம்பெனி. கண்ணைச் சோதித்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், எடை பார்த்தார்கள். கையை யாரும் பார்க்கவில்லை. பார்த்தாலும் தெரியாதபடி முந்தின நாளே பத்து விரலுக்கும் மருதாணி வைத்துக்கொண்டுதான் போயிருந்தேன்.

வேலை கிடைத்தது. ஒரு வருடம் தற்காலிகம், அதற்குப் பிறகு பர்மனென்ட். பர்மனென்ட் என்ற சொல்லை அந்தக் காலத்து ஓசூரில் குழந்தைகூடச் சரியாகச் சொல்லும். எனக்கு அது வேண்டும். வேறு எதையும் அவ்வளவு ஆசையாக நான் கேட்டதில்லை.

மீட்டரின் உள்வேலை நடக்கும் கூடம் கண்ணாடி அறை. அங்கே தூசி ஆகாது. செருப்பைக் கழற்றி, தொப்பி போட்டு, வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டுதான் நுழைய வேண்டும். பூ கூடாது, பவுடர் கூடாது, வளையல் கூடாது, நெயில் பாலிஷ் அறவே கூடாது. பாலிஷ் துணுக்கு ஒன்று உள்ளே விழுந்தால் முள் சிக்கிக்கொள்ளும். அப்புறம் எங்கேயோ ஒரு டிரைவர் தான் நாற்பதில் போவதாக நம்பிக்கொண்டு எழுபதில் போவார். இதை எங்களுக்கு முதல் நாளே சொல்லிவிட்டார்கள். மருதாணி மட்டும் கூடும். அது உதிராதே. என் வாழ்க்கையில் ஒரு சட்டம் எனக்குச் சாதகமாக இருந்தது அந்த ஒன்றுதான்.

தினமும் காலையில் கண்ணாடி அறை வாசலில் இருபத்திரண்டு பெண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாகக் கையை நீட்டிக்கொண்டு நிற்போம். சூபர்வைசர் மேடம் ஒவ்வொரு கையாகப் பார்த்து ரிஜிஸ்டரில் டிக் போடுவார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், சிரித்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தின்னரில் நனைத்த பஞ்சு இருக்கும். எந்த நகமாவது பளபளத்தால் பஞ்சை எடுத்து அவரே துடைப்பார், பெயரை எழுதிக்கொள்வார். மூன்று முறை பெயர் எழுதப்பட்ட ஒருத்தி பர்மனென்ட் ஆகாமலே ஊருக்குப் போனாள். என் முறை வரும்போது அவர் பார்வை என் கைமேல் நிற்காமல் ஓடிவிடும். மருதாணி ஜெயித்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். பதினைந்து நாளுக்கு ஒரு முறை புதிதாக வைத்தேன். பக்கத்துப் பெஞ்ச் பெண், வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள்.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது, அதுதான் கஷ்டம். நுண்ணிய முள்ளைச் சாமணத்தால் எடுத்து, அச்சில் நிறுத்தி, இடது கட்டைவிரலால் ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். பழம் நறுக்கின கைக்கு அது இவ்வளவு சுலபமாக வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. மூன்றாம் மாதமே என் பெஞ்சில்தான் பழுதென்று திரும்பி வரும் மீட்டர் குறைவு என்றார்கள். ஆனால் அதே மூன்றாம் மாதம் நகம் சதையை விட்டு மேலே தூக்க ஆரம்பித்தது. அழுத்தும்போது வலித்தது.

வீட்டுக்காரர் பெங்களூரில் ஒரு தோல் டாக்டரை விசாரித்துக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் கன்னடத்தில் கேட்டார், வீட்டுக்காரர் தெலுங்கில் சொன்னார், நான் தமிழில் திருத்தினேன். மூன்று பேருக்கும் எல்லாம் புரிந்தது. டாக்டர் நகத்தைச் சுரண்டிச் சோதனைக்கு அனுப்பி, காளான் இனக் கிருமி, ஈரத்தில் வந்தது என்றார். மருதாணியை நிறுத்தச் சொன்னார், புது நகம் வருகிறதா இல்லையா என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம். பிறகு புதிதாக வந்திருக்கிற மருந்து என்று ஒன்றை எழுதிக் கொடுத்தார். வாரம் ஒரு முறை நகத்தை அரத்தால் தேய்த்து, சுத்தம் செய்து, அந்த மருந்தைப் பூசி, அடுத்த வாரம்வரை தொடாமல் விட்டுவிட வேண்டும். எட்டு மாதம் ஆகலாம்.

மருந்துக் கடையில் கொடுத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சின்னக் கண்ணாடி புட்டி, மூடியோடு ஒட்டின பிரஷ். பூசினால் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. உலகத்தில் எத்தனையோ உருவத்தில் மருந்து இருக்க, எனக்கென்று வந்தது நெயில் பாலிஷ் உருவத்தில். கல்யாணமாகி மூன்று வருடத்தில் வீட்டுக்காரர் எனக்குப் பாலிஷ் வாங்கிக் கொடுத்ததில்லை. வாங்கிக் கொடுத்தது இந்த ஒன்று. அதையும் சீட்டு எழுதித்தான் வாங்க வேண்டியிருந்தது.

கம்பெனியில் சொல்லிவிடு என்றார் அவர். டாக்டர் சீட்டைக் காட்டு, மருந்து என்று சொல் என்றார். காளான், தொற்று என்று எழுதியிருக்கும் சீட்டைத் தூசிகூட ஆகாத கூடத்தில் காட்டுவதா என்று நான் சண்டை போட்டேன். கொட்டைக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்தது நான்தானே, அவர் இல்லையே. கடைசியில் என் மூளையே எனக்கு ஒரு வழி சொன்னது. சனிக்கிழமை சாயங்காலம் மருந்தைப் பூசுவேன். ஞாயிறு முழுக்க இருக்கும். திங்கட்கிழமை காலையில் குளிக்கும் முன்னால் தின்னர் தொட்டுத் துடைத்துவிடுவேன். தின்னர் வீட்டுக்காரரின் பட்டறையிலிருந்து வந்தது. எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு, மருந்துக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை. மருதாணியையும் முழுக்க விடவில்லை, மற்ற ஒன்பது விரலுக்கு வைத்தேன். சொத்தை விரலை நீட்டும்போது லேசாக மடக்கிக்கொள்வேன்.

நான்கு மாதம் இப்படி ஓடியது. மேடம் பார்வை வழக்கம்போல ஓடிவிடும். டாக்டரிடம் போனால் அவர் நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், வாரா வாரம் பூசுகிறாயா என்று கேட்பார், ஆமாம் என்பேன். அது பொய் இல்லையே. இதற்குக் கேட்க வேண்டிய கேள்வி பூசுகிறாயா என்பதல்ல என்று அவருக்குத் தெரியவில்லை, நானும் சொல்லித் தரவில்லை. நான்காம் மாதம் ஆள்காட்டி விரல் நகமும் ஓரத்தில் மஞ்சளானது. டாக்டர், இந்த மருந்து உனக்குக் கேட்கவில்லை, கட்டைவிரல் நகத்தை எடுத்துவிடலாம், அடுத்த மாதம் வா என்றார். எடுத்தால் எத்தனை நாள் அந்த விரலால் அழுத்த முடியாது என்று கேட்டேன். வாரக்கணக்காகும் என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அத்திப்பள்ளி தாண்டும்வரை கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். மருந்துக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது நான்தான். பர்மனென்டுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. நகத்தை எடுத்தால் பெஞ்ச் போகும், மருந்தைச் சொன்னால் ஒருவேளை வேலையே போகும். ஒருவேளை என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, அந்தத் திங்கட்கிழமை துடைக்காமல் போனேன்.

வரிசையில் எனக்கு முன்னால் எட்டுப் பேர். என் முறை வந்தபோது மேடம் பார்வை பழையபடி ஓடப் பார்த்தது. ஆனால் விரலை நான் மடக்கவில்லை, குழல் விளக்கு நேராக நகத்தில் விழுந்தது, பின்னால் நின்ற பெண்கள் எல்லாருக்கும் அந்தப் பளபளப்பு தெரிந்தது. அவருக்கு வேறு வழி இல்லை. பஞ்சை எடுத்தார்.

"தொடைக்காதீங்க மேடம்," என்றேன். "அது பாலிஷ் இல்ல. மருந்து. நகத்துல எனக்கு வியாதி."

அவர் கை அப்படியே நின்றது. என்னைத் தன் அறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார். டாக்டர் சீட்டைக் கொடுத்தேன். படித்தார். சொத்தை நகத்தில் மருதாணி கறுப்பாக ஏறும் என்று அவருக்குத் தெரியாதா, ஊரில் அவர் தங்கைக்கும் இதே இருந்தது என்றார்.

"மொத நாளே பாத்துட்டேன்," என்றார். "கேட்டா எழுதணும்லா. எழுதினா உன்ன வெளிய மாத்தணும். அதான் கேக்கல. ஒரு வருசம் முடிஞ்சு பர்மனென்ட் ஆகட்டும், பொறவு கேப்போம்னு இருந்தேன். நீயா வந்து சொல்லிட்ட."

அவருக்குத் தெரியக்கூடாது என்று நான் துடைத்தேன், தெரிந்ததைக் காட்டக்கூடாது என்று அவர் பார்க்காமல் இருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து நான்கு மாத மருந்தைத் தண்ணீரில் கொட்டியிருந்தோம். நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. வந்தது கோபம்தான். அவர் மேலா, என் மேலா, மேஸ்திரி மேலா என்று பிரிக்கத் தெரியாத கோபம்.

அவர் எழுதினார். நோய் என்றே எழுதினார், ஒரு சொல்கூட மாற்றவில்லை. நான் பேக்கிங் பகுதிக்கு மாற்றப்பட்டேன். நகம் சுத்தமாகி அவர் கையெழுத்துப் போடும்வரை பர்மனென்ட் தள்ளிப்போனது. வேலை போகவில்லை. ஒருவேளை என்பதற்கு இவ்வளவுதான் கிடைக்கும் போலிருக்கிறது. பெஞ்சில் என் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அட்டைப்பெட்டிக்கு நாடா ஒட்டிக்கொண்டே நான் அவளைப் பார்ப்பேன். முள்ளை இரண்டு தடவை அழுத்துவாள். எனக்கு வயிறு எரியும்.

பெங்களூர் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். கன்னடத்தில் திட்டினார், அதுவும் நன்றாகப் புரிந்தது. நகத்தை எடுக்க வேண்டாம், இன்னொரு தடவை முதலிலிருந்து ஆரம்பி என்றார். சனிக்கிழமை பூசியதை அடுத்த சனிக்கிழமைவரை விட்டேன். ஒன்றரை மாதத்தில் நகத்தின் அடியில் மெல்லிய கோடாகப் புதுநகம் தெரிந்தது. நகம் வளர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிடச் சலிப்பான வேலை கிடையாது. அதை எட்டு மாதம் செய்தேன். ஆள்காட்டி விரல் முதலில் தேறியது, கட்டைவிரல் கடைசிவரை இழுத்தது. நுனியில் மஞ்சளாக மீதியிருந்த கடைசித் துணுக்கை ஒரு நாள் வெட்டி எறிந்தேன்.

மறுநாள் காலையில் கண்ணாடி அறை வரிசையில் போய் நின்றேன். யாரும் வரச் சொல்லவில்லை. மருதாணி இல்லை, மருந்து இல்லை, வெறும் கை. மேடம் என் முன்னால் வந்ததும் பேனாவை ரிஜிஸ்டருக்குள் வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். என் கட்டைவிரலைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். நகத்தைத் தன் நகத்தால் தட்டிப் பார்த்தார், ஓரத்தை அழுத்திப் பார்த்தார், மறுபடி திருப்பினார். பின்னால் வரிசை காத்திருந்தது, அவர் அவசரப்படவில்லை. ஏழு மாதம் தினமும் பார்க்காமல் விட்ட விரலை அவர் ஆற அமரப் பார்த்தார்.

"உள்ள போ," என்றார்.

கண்ணாடி அறைக்குள் ஈரம் ஆகாது. அதனால் அழவேண்டியதை வாசலிலேயே அழுது, கோட்டுக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.