தண்ணீர் கேட்காத பயிர்

கொண்டைக்கடலையில் வந்த புது ரகம் ஒன்றை, நான் வேலை பார்த்த தீவில் சிப்பிகாட்டு வயலில் போட்டுப் பார்க்கும் வேலை அந்த வருடம் என் தலையில் விழுந்தது. நான் கரிசல்காட்டுக்காரன், மானாவாரி வெள்ளாமை எனக்கு அத்துப்படி என்று விவசாய அலுவலகத்தில் அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். நானும் மறுக்கவில்லை. நாள் முழுக்க ஃபைலையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு வயல் கசக்குமா?

வறட்சி தாங்கும் ரகம் அது. நெல் அறுத்த மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் பனியுமே அதற்குப் போதும். ஓர் அக்கா பத்து சென்ட் நிலம் கொடுத்தார். கணவர் இல்லை, ஒரே மகள் மெயின்லேண்டில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். விதைத்த அன்று பெரிய மேதாவி போல அவரிடம் சொன்னேன்: "இதுக்குத் தண்ணியே காட்டாதீங்க அக்கா. கண்டுக்காம விட்டாத்தான் காய்க்கும்."

டெலானிபூர் குவார்ட்டர்ஸில் நான் தனிக்கட்டை. மனைவியும் பிள்ளைகளும் ஊரில். விடுமுறை நாளில் பால்கடைக்காரரிடம் "ஏக் பாக்கெட்" என்று சொல்வதோடு என் பேச்சு முடிந்துவிடும். அதனால் ஞாயிறுதோறும் பஸ் ஏறி சிப்பிகாட்டுக்குப் போனேன். பிறகு புதன்கிழமையும் போனேன். அக்கா டீ கொடுப்பார். மகள் போனில் சொன்னது, பக்கத்து வீட்டு பெங்காலி அம்மாவின் மீன் குழம்பு என்று அரை மணி நேரம் ஓடும். கடலை காய்த்தால் அடுத்த வருடமும் இங்கே வரலாம். இல்லையென்றால் மேசையோடு சரி.

ஆனால் அந்தப் பயிருக்கு என்னால் ஆக வேண்டியது ஒன்றுமே இல்லை. அடுத்தவர் வயலில் எத்தனை நேரம்தான் சும்மா நிற்பது? பூவாளியை எடுத்துக் குட்டையில் மொண்டு ஊற்ற ஆரம்பித்தேன்.

செடி தளதளவென்று முழங்காலைத் தாண்டியது. எனக்கு ஒரே பெருமை. பூக்கிற நேரத்தில் பூவைக் காணோம், வெறும் இலை. பிறகு வேர் அழுகி வரிசை வரிசையாகச் சாய்ந்தது. பார்க்க வந்த அதிகாரி, 'இந்த ரகம் இங்கே ஒத்துவராது' என்று எழுதிக்கொண்டார். தப்பு விதையில் இல்லை, என்னிடம்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோழைத்தனம்தான்.

அவர் ஜீப் போனதும் அக்காவிடம் மட்டும் ஒப்புக்கொண்டேன். "நான்தான் தண்ணி ஊத்திக் கெடுத்தேன்க்கா."

"தெரியும் சார். சோடோ, விடுங்க, பத்து சென்ட்தானே," என்றார்.

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

அவர் சாய்ந்த செடிகளைப் பிடுங்கிக்கொண்டே சொன்னார்: "வேணாம்னு சொல்லியிருந்தா நீங்க வர்றத நிறுத்தியிருப்பீங்க. மக போனதுலேர்ந்து இந்த வீட்டுல டீ குடிக்க வேற யாரு சார் வர்றா?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.