இறக்கிக் கட்டிய கம்பி

விரல் நுனியை மோந்து பார்த்தால் துருப்பிடித்த இரும்பு வாடை அடிக்கும். சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாது. ராயபுரத்துக் கடல் காற்றில், புதுசாக மாட்டின கிட்டார் கம்பி அந்த வாரமே செம்பட்டை பூத்துவிடும். நம்ம ஏரியா தோஸ்துகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை...

தொண்ணூறுகளின் கடைசி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நானும் சிநேகிதன் சார்லஸும் அவன் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்துவிடுவோம். பழைய இங்கிலீஷ் ராக் பாட்டுகள்தான். எங்கள் அப்பாக்கள் வாலிபத்தில் வந்த பாட்டுகள். எனக்கு ஹார்பர் பக்கம் கப்பல் சரக்கு எடுத்துத்தருகிற ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை. அவனுக்குத் திருவொற்றியூரில் இரும்பைக் காய்ச்சி அடிக்கிற ஒரு ஃபோர்ஜிங் பட்டறையில், பெரிய சுத்தியல் மெஷின் பக்கத்திலேயே வேலை.

பாரிமுனை பிளாட்பாரத்தில் வாங்கிய கேசட்தான் எங்களுக்கு வாத்தியார். ஒரு பாட்டு மட்டும் மாசக்கணக்கில் பிடிபடவில்லை. கம்பிகளைச் சேர்த்து அமுக்கி எந்த கார்டு பிடித்தாலும் கேசட்டில் வருகிற கனம் வராது. நமக்கு விரல் குட்டை, அவ்வளவுதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். சார்லஸ் விடவில்லை. டேப் ரெக்கார்டரில் காதை ஒட்டிக்கொண்டு கிடந்தவன் ஒருநாள் எழுந்து குதித்தான்.

"மாமு! வெள்ளக்காரன் நம்மள ஏமாத்திகீறான்டா! கம்பியையே எறக்கி வெச்சிகினு வாசிக்கிறான்!"

அதுதான் ஓப்பன் ட்யூனிங். மூன்று கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் போதும். எதையும் அமுக்காமல் சும்மா ஒரு இழுப்பு இழுத்தாலே ஆறும் சேர்ந்து ஒரே கார்டாக முழங்கும். ஒரு விரலைக் குறுக்கே படுக்க வைத்தால் அடுத்த கார்டு.

சொல்லித்தர ஆள் கிடையாது. சுதி பார்க்கிற ட்யூனர் மெஷினைக் கண்ணால் பார்த்தது கிடையாது. எல்லாம் அவன் காதுதான். என்ன காதுடா சாமி அது! கீழே தெருவில் போகிற லாரி ஹார்னைக் கேட்டு, அது எந்த சுரம் என்று சொல்லி, அதையே கம்பியில் தட்டிக் காட்டுவான். எனக்கு வயிறு எரியும்.

சில வருஷம் போனது. அவன் கிட்டாரில் முதல் கம்பி, அந்த மெல்லிசுக் கம்பி, அடிக்கடி அறுந்துபோக ஆரம்பித்தது.

"கம்பி செத்துட்ச்சு மாமு... மொட்டையா கேக்குது" என்று சொல்லிக்கொண்டே முறுக்குவான். இன்னும் முறுக்குவான். பட்டென்று போகும்.

உப்புக் காற்று என்றேன் நான். கம்பி விற்ற கடைக்காரரும் அதையேதான் சொன்னார். எங்கள் பக்கத்தில் எது கெட்டாலும் பழி கடல் காற்றுக்குத்தான். ஃபேன் ஓடாவிட்டாலும் அதுதான், சைக்கிள் செயின் அறுந்தாலும் அதுதான். இறக்கிக் கட்டின கம்பி எப்படி இத்தனை தடவை அறும் என்று எங்களில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

அப்புறம் அவன் தங்கை ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம். டோல்கேட் பக்கம் ஒரு மண்டபத்தில் ரிசப்ஷன். அந்தப் பாட்டை வாசித்தே ஆகவேண்டும் என்று கல்யாணப் பெண்ணே கேட்டிருந்தாள். அவன் வாசிக்க, நான் பாடுவதாக ஏற்பாடு.

மேடையில் முதல் இழுப்பு இழுத்தான். ஐந்து கம்பி ஒரு பக்கம் போக, முதல் கம்பி மட்டும் எங்கோ உச்சத்தில் தனியாகக் கீச்சிட்டது. சரி, நிறுத்திவிட்டுச் சரிபண்ணுவான் என்று பார்த்தேன். நிறுத்தவில்லை. நான் மைக்கைக் கீழே இறக்கினேன். முன் வரிசையில் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தன. அவனோ கண்ணை மூடி, தலையை ஆட்டி, ரசித்து வாசித்துக்கொண்டிருந்தான்... அந்த முகத்தை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

ஸ்டெல்லா கழுத்து மாலையோடு எழுந்து வந்து அவன் கையைப் பிடித்தாள். "அண்ணா... போதும்ணா."

"இன்னா பாப்பா? சூப்பரா தானே போய்கினு கீது?" என்றவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"ட்யூனிங் அவுட்டுடா" என்றேன்.

"இன்னாடா சொல்ற? கரீக்டா கீதே..."

திரும்ப ஒருமுறை தட்டிக் கேட்டான். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் கிட்டாரை உறைக்குள் வைத்தான்.

காது நரம்பு போய்விட்டது, மெல்லிசுச் சத்தம்தான் முதலில் கேட்காமல் போகும், போனது திரும்பாது, மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டுமானால் அந்தப் பட்டறையை விட்டுவிடுங்கள் என்றார் டாக்டர். தினமும் அந்தச் சுத்தியல் பக்கத்தில் காதில் மெஷின் துடைக்கிற பஞ்சு வேஸ்ட்டைத் திணித்துக்கொண்டு நின்றிருக்கிறான். அது ஒரு பாதுகாப்பா? ஆனால் வேலையை விட்டு எங்கே போவான்? பட்டறையை மூடுகிறவரை அங்கேதான் நின்றான். எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை. அப்படி ஒரு காதைக் கொடுத்த ஆண்டவன், பிழைப்புக்கு அவனை அந்த இடத்துக்குத்தானா அனுப்ப வேண்டும்?

போன மாசம் காத்திவாக்கத்தில் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். இப்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்பதில்லை. காது மெஷின் வைத்தால் தகர ஷீட்டைத் தட்டுகிற மாதிரி இருக்கிறதாம், கழற்றி அலமாரியில் வைத்துவிட்டான்.

என்னைப் பார்த்ததும் கிட்டாரை எடுத்தான். மகளுடைய செல்போனை முன்னால் நிறுத்தினான். அதில் ஒரு ஆப். கம்பியைத் தட்டினால் ஒரு முள் ஆடுகிறது, சரியாக வந்தால் பச்சை விளக்கு எரிகிறது. ஒவ்வொரு கம்பியாக இறக்கி, ஆறுக்கும் பச்சை வாங்கினான். அந்தக் காலத்தில் இதற்கே எங்கள் ஞாயிற்றுக்கிழமையில் பாதி போகும்... சண்டையும் நடக்கும். இன்றைக்குக் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. ஒரு கம்பிகூட இம்மி பிசகவில்லை.

வாசித்தான். விரல் எதையும் மறக்கவில்லை. கம்பியைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வாசித்தான். நான் அழுதால், சுதி போய்விட்டது என்று நினைத்து நிறுத்திவிடுவான்.

பாட்டு முடிகிறவரை சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.