காலையில் மஞ்சள், ஐந்து மணிக்குப் பூட்டு

போன வியாழக்கிழமை காலை நான் முதலில் செய்த வேலை மஞ்சள் மையைக் கலக்கியது. எங்கள் ஸ்க்ரீன் பிரிண்டிங் ஷெட்டின் ஷட்டரைத் தூக்கி, விளக்கைப் போட்டு, டப்பாவைத் திறந்து, மேலே படிந்திருக்கும் ஆடையை வழித்தெடுத்துவிட்டு, தின்னர் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கவேண்டும். பல வருடங்களாக அது நாகரத்னாவின் வேலை. அவர் உடம்புக்கு முடியாமல் போன பிறகு என் கைக்கு வந்தது.

பெண்கள் வந்து முதல் ஸ்டிக்கர்களை அடிக்கத் தொடங்கியிருந்தபோது என் போன் அடித்தது. நான் வேறொரு அழைப்பை எதிர்பார்த்திருந்தேன். எங்களுக்குத் தொடர்ந்து வேலை தரும் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலை, பெரிய ஆர்டர் ஒன்றைத் தருவதாகவும் அதற்கு நாங்கள் இரவு ஷிஃப்டும் ஓட்டவேண்டும் என்றும் கேட்டிருந்தது. அந்தத் தொழிற்சாலையின் அதிகாரிதான் பதில் கேட்டு அழைக்கிறார் என்று நினைத்து எடுத்தேன். பேசியவர் நாகரத்னாவின் கணவர் மஞ்சுநாத். “மேடம், ரத்னா போயிட்டா” என்றார். ஆஸ்பத்திரிக்கு வரவேண்டாம், ஊருக்கே வந்துவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் சொன்னதும் யாரும் அழவில்லை. அச்சடிக்கும் பெண்களில் ஒருத்தியான மல்லிகா மையை இழுக்கும் ரப்பரைக் கையில் பிடித்தபடி நின்றாள். அவள் பார்வை ஸ்க்ரீன்மேல் இருந்தது. அப்படியே விட்டால் மை காய்ந்து வலைக்கண்களை அடைத்துவிடும், பிறகு அந்த ஸ்க்ரீன் எதற்கும் ஆகாது.

“கழுவி வெச்சிட்டுப் போவலாம் மேடம். இப்பிடியே உட்டுட்டுப் போனா அந்தக்கா நம்மளத்தான் ஏசும்” என்றாள்.

எல்லோருமாகக் கழுவினோம். அப்போதுதான் அழுகை வந்தது. தின்னர் கண்ணைக் கரிக்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் அன்று வசதியாக இருந்தது.

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் ஸ்க்ரீன் பிரிண்டிங் செய்கிற உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். எங்கள் அச்சகத்தைப் பார்க்க வருகிறவர்களிடம், “இவங்கதான் ஓனர், விஷயம் எதுன்னாலும் என்னைக் கேளுங்க” என்று என்னை அறிமுகப்படுத்துவாரே, அவரேதான். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் ஊத்தங்கரைப் பக்கம். கிருஷ்ணகிரியில் வேதியியல் படித்து, கல்யாணமாகி ஓசூருக்கு வந்தவள். அவருக்குத் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். சாதாரணமாக என்னை வாணி என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். கோபம் வந்தால்தான் ‘மேடம்’. ஸ்விட்ச் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்துவிட்டு, அது வேறு ஊருக்கு மாறியதும் எங்களிடம் வந்து சேர்ந்தார்.

அவர் வந்த முதல் மாம்பழ சீசனில் நடந்தது இது. கிருஷ்ணகிரி பக்கத்தில் மாம்பழக் கூழ் தயாரிக்கும் ஒருவர், பீப்பாய்களில் ஒட்டுவதற்கு ஸ்டிக்கர் கேட்டிருந்தார். நடுவில் ஒரு பழுத்த மாம்பழப் படம். அந்தக் காலத்தில் யார் முதலில் ஆர்டர் கொடுத்தார்களோ அவர்கள் வேலையை முதலில் செய்வோம். நீலத்துக்குப் பிறகு மஞ்சள், பிறகு கறுப்பு, மறுபடி சிவப்பு என்று மாறி மாறி ஓடும். ஒவ்வொரு முறை நிறம் மாறும்போதும் ரப்பர், கரண்டி, மேசை எல்லாவற்றையும் கழுவித் துடைக்கவேண்டும். பாதி நாள் கழுவுவதிலேயே போகும். அன்று நீலம் அடித்த ரப்பரை அவசரத்தில் சரியாகக் கழுவாமல் மஞ்சளுக்கு எடுத்துவிட்டோம். ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. வாங்க வந்த அந்தப் பெரியவர் ஒரு தாளை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

“ஏம்மா, நான் கூழு போடறவன். நீங்க ஊறுகாய்க்கு லேபிள் அடிச்சு வெச்சிருக்கீங்களே.”

மாம்பழம் பச்சையாகி மாங்காயாக இருந்தது. நான் கூனிக்குறுகி நின்றேன். நாகரத்னா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அவர் சிரித்ததைப் பார்த்துப் பெரியவரும் சிரித்துவிட்டார். முழுவதையும் திரும்ப அடித்துக் கொடுத்தோம்.

மறுநாள் நாகரத்னா என் மேசைக்கு வந்து, இனிமேல் காலையில் மஞ்சளில் ஆரம்பிப்போம், கறுப்பில் முடிப்போம் என்றார். மஞ்சளின் மிச்சம் சிவப்பில் கலந்தால் ஒன்றும் தெரியாது, நீலத்தின் மிச்சம் மஞ்சளில் கலந்தால்தான் மானம் போகும். கழுவுகிற வேலையும் பாதியாகக் குறையும். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. முதலில் வந்தவர் காத்திருக்க, பிறகு வந்தவர் வேலையை முடித்துக்கொடுப்பது எப்படி என்று கேட்டேன்.

“பஸ்ஸுல மொதல்ல ஏறினவங்க மொதல்லயா எறங்கறாங்க?” என்றார்.

அந்த வரிசையை நாங்கள் சண்டை போட்டுத்தான் அமைத்தோம். எந்த மைமேல் எந்த மை கறை விடும் என்று நான் சொல்வேன், எது முடிந்து எது வந்தால் கைக்குச் சுலபம் என்று அவர் சொல்வார். வெள்ளைக்குத் தனி ரப்பர் வேண்டும் என்ற சண்டையில் நான் ஜெயித்தேன். சிவப்புக்கு முன் ஆரஞ்சு என்பதில் அவர் ஜெயித்தார். பிறகு வாடிக்கையாளர்களே பழகிவிட்டார்கள். “என்னுது கறுப்பு, சாயங்காலமா வர்றேன்” என்று அவர்களே சொல்லிவிட்டுப் போவார்கள்.

அவர் செய்தது எல்லாமே சரியாக வந்ததாக யாரும் நினைக்கவேண்டாம். ஒரு சமயம் தரையில் அம்புக்குறிகள் வரைந்து, எல்லோரும் ஒரே திசையில்தான் நடக்கவேண்டும் என்று சட்டம் போட்டார். பழைய தொழிற்சாலையில் பார்த்ததாம். எங்கள் ஷெட்டோ மூன்று மேசை போட்டால் மூச்சு முட்டுகிற இடம். பக்கத்து மேசையில் இருக்கும் டப்பாவை எடுக்க ஷெட்டையே ஒரு சுற்று சுற்றிவரவேண்டியிருந்தது. மல்லிகா ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டபடி மேசையைப் பிரதட்சணம் வந்தாள். கற்பூரத் தட்டு எங்கே என்று இன்னொருத்தி கேட்டாள். அன்று மாலை நாகரத்னாவே தின்னரும் துணியுமாக உட்கார்ந்து அம்புகளை அழித்தார். ஒரு அம்பு மட்டும் சரியாக அழியவில்லை. கதவைப் பார்த்து நிற்கும் அது இன்னும் இருக்கிறது.

நான் அவருக்கு எதற்கு நன்றி சொல்கிறேன் என்பதை இங்கேதான் சொல்லவேண்டும். நிற வரிசை வந்த பிறகு, இரவு எட்டு ஒன்பது வரை இழுத்துக்கொண்டிருந்த வேலை ஐந்து மணிக்கே முடியத் தொடங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே இன்னொரு ஆர்டரை வாங்கிப் போட்டேன். தொழில் செய்கிற எவரும் அதைத்தானே செய்வார்கள். மறுநாள் நாகரத்னா அந்த ஆர்டர் தாளை என் முன்னால் வைத்தார்.

“இது என்ன மேடம் புதுசா?”

‘மேடம்’ என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. “சாயங்காலம் நேரம் இருக்குல்ல ரத்னா, அதான் எடுத்தேன்” என்றேன்.

“யாரோட நேரம் அது?”

நான் தாளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவர் உட்கார்ந்து, பழைய தொழிற்சாலையைப் பற்றிச் சொன்னார். அங்கே பெண்கள் வேகமாக முடித்தால் அடுத்த வாரம் டார்கெட் ஏறும். இன்னும் வேகமாக முடித்தால் இன்னும் ஏறும். அதனால் வேகமாகச் செய்யத் தெரிந்தவர்கள் அதை மறைக்கக் கற்றுக்கொண்டார்கள். எங்கே நேரம் வீணாகிறது என்று ஒவ்வொருத்திக்கும் தெரியும், ஒருத்தியும் வாய் திறக்கமாட்டாள்.

“இவங்க மிச்சம் புடிச்ச நேரத்தை நீங்க எடுத்துக்கிட்டீங்கன்னா, நாளைக்கு இவங்களும் மறைக்கத்தான் செய்வாங்க. நானும் மறைப்பேன் வாணி, இப்பவே சொல்லிட்டேன்” என்றார்.

அந்த ஆர்டரைத் திருப்பிக் கொடுத்தேன். மனசார இல்லை, அவர் போய்விடுவாரோ என்ற பயத்தில். ஐந்து மணிக்கு வேலை முடியும், முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம், சம்பளம் குறையாது என்று அவர்தான் எல்லோருக்கும் அறிவித்தார். பிறகு நடந்தது எனக்கே ஆச்சரியம். காய வைக்கும் ரேக்கைக் கதவுப் பக்கம் நகர்த்தினால் காற்றில் சீக்கிரம் காயும் என்று ஒருத்தி வந்து சொன்னாள். ஒவ்வொரு நிறத்தின் ரப்பரையும் அந்தந்த மேசையிலேயே ஆணியடித்து மாட்டினாள் மல்லிகா. மறுநாள் வேண்டிய ஸ்க்ரீன்களை முந்தின மாலையே வரிசையாக அடுக்கிவிட்டுப் போனார்கள். யாரும் கேட்டுச் செய்ததல்ல. அதுவரை, மல்லிகா ராயக்கோட்டை பஸ்ஸைப் பிடித்து வீடு போய்ச் சேர்வதற்குள் அவள் மகள் தினமும் பக்கத்து வீட்டில் சாப்பிட்டுத் தூங்கிவிடுவாளாம். “இப்பல்லாம் முழிச்சிருந்து என்கிட்டயே சண்டை போடறா மேடம்” என்று மல்லிகா ஒருநாள் சந்தோஷமாகச் சொன்னாள்.

ஐந்து மணிக்குப் பிறகு போகாமல் இருந்தவள் நான் ஒருத்திதான். ஏதாவது வேலை இருப்பதாக நினைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பேன். நாகரத்னா கிளம்பும்போது ஷட்டரைத் தட்டி, “வாணி, உங்களுக்கு வீடு இல்லையா?” என்பார். இதோ என்பேன். அவர் ஸ்கூட்டர் சத்தம் தேயும்வரை கேட்டுவிட்டு மறுபடி குனிந்துகொள்வேன்.

சிறுநீரகம் கெட்டு, ரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குப் போய்வரத் தொடங்கிய பிறகும், முடிந்த நாட்களில் வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு எல்லோரையும் வம்புக்கு இழுப்பார். கடைசியாக நான் அவரை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது அந்தப் பெரிய ஆர்டரைப் பற்றிச் சொன்னேன். அதை மறுத்தால் இப்போது தரும் சின்ன வேலைகளையும் நிறுத்தி எல்லாவற்றையும் வேறொரு அச்சகத்துக்கே கொடுத்துவிடுவார்கள் என்பதையும், நம் வேலையில் பெரும்பகுதி அவர்களுடையது என்பதையும் சொன்னேன். வேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்தேன். சொன்னால் சண்டை போடலாம் என்றுகூட நினைத்திருந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டது ஒன்றுதான்.

“ராயக்கோட்டைக்குக் கடைசி பஸ் எப்போ?”

எனக்குத் தெரியவில்லை. அப்போதும் அவர் என்னைத் திட்டவில்லை. கையை மட்டும் தட்டிக்கொடுத்தார்.

ஊரில் எல்லாம் முடிந்த பிறகு மஞ்சுநாத் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இத்தனை வருடத்தில் நான் கேட்டதே இல்லாத ஒன்றை அவரிடம் கேட்டேன். சாயங்காலங்களில் ரத்னா என்ன செய்வார்? வேறு ஏதாவது வேலை, பிள்ளைகளின் படிப்பு, தோட்டம் என்று சொல்வார் என நினைத்தேன்.

“ஒண்ணும் செய்யமாட்டா மேடம். டீ குடிச்சிட்டு ஸ்கூட்டர் எடுத்துக்கிட்டு ஏரி வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வருவா. எதுக்கு பெட்ரோலை வீணாக்கறேன்னு எங்கம்மா கேப்பாங்க. ‘சும்னே’ம்பா. சும்மாதானாம்.” சொல்லும்போதே சிரித்தார், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒரு பெண் தன் வாழ்நாளில் மிச்சம் பிடித்ததையெல்லாம் சும்மா ஏரி வரை போய்வரச் செலவழித்திருக்கிறார். அதைக் கேட்டபோது எனக்கு வருத்தமாக இல்லை. பொறாமையாக இருந்தது.

அந்தத் தொழிற்சாலை அதிகாரி மறுநாள் அழைத்து அனுதாபம் தெரிவித்தார். நல்ல மனிதர்தான். பேச்சை முடிக்கும்போது, “இனிமே உங்களுக்கு முடிவெடுக்கறது சுலபம் மேடம், இல்லையா? திங்கட்கிழமை நானே நேர்ல வர்றேன்” என்றார். அவர் தப்பாகச் சொல்லவில்லை. ஐந்து மணிக் கணக்கு நாகரத்னாவுடையது, என்னுடையதல்ல என்றுதான் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மஞ்சளில் தொடங்கும் வரிசையை உங்களில் பலர் எடுத்துக்கொண்டீர்கள். அதில் அவருக்கு அளவில்லாத பெருமை. அது இனி உங்களுடையதாகவும் இருக்கட்டும். நான் எனக்கென்று வைத்துக்கொள்வது, யாருடைய நேரம் அது என்று அவர் கேட்ட கேள்வியை. அன்று அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

திங்கட்கிழமை சொல்லப்போகிறேன். பகலில், ஐந்து மணிக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு செய்து தருகிறோம், இரவு ஷிஃப்ட் கிடையாது. அவர்கள் வேலை முழுவதையும் எடுத்துக்கொண்டு போனாலும் போகலாம். போனால், மாம்பழ சீசன் வரும்வரை நான் கதவு கதவாக ஏறி இறங்கி ஆர்டர் கேட்கவேண்டியிருக்கும். என் கணவருக்கு இது இன்னும் தெரியாது, மல்லிகாவுக்கும் தெரியாது. அன்று மாலை ஐந்து மணிக்கு ஷட்டரை இறக்கிப் பூட்டும்போது, நானும் வெளியே நிற்பேன்.