பணகுடிக்குப் போன பந்து

என் மகன் நடக்கத் தொடங்கியதிலிருந்து வீட்டின் மேற்கு ஜன்னலை நான் ஒரு நாளைக்குப் பலமுறை மூடித் திறக்கிறேன். மூடினால் பிள்ளைக்குப் புழுங்குமோ என்று இருக்கிறது. திறந்தால் காற்று ஒத்துக்கொள்ளாதோ என்று இருக்கிறது. ஆரல்வாய்மொழியில் வளர்ந்தவள் காற்றுக்கு இப்படிப் பயப்படலாமா என்று கணவர் சிரிக்கிறார். அவர் சிரிக்கும்போதெல்லாம் எனக்குச் சித்தப்பாவின் ஞாபகம் வந்துவிடும்.

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி, தாயில்லாத பிள்ளை. அம்மா கல்யாணமாகி வந்தபோது அவருக்குப் பால்பல்கூட விழவில்லையாம். அம்மாதான் சோறூட்டி வளர்த்தாள். பிற்பாடு அவர் திருவிதாங்கூர் முழுக்கப் பேர்பெற்ற பேட்மிண்டன் சாம்பியன் ஆனார். எங்கள் பக்கத்தில் அப்போது பேட்மிண்டன் என்றால் இறகுப் பந்து அல்ல. மஞ்சள் கம்பளி நூலைச் சுற்றிச் செய்த, எலுமிச்சை அளவுப் பந்து. மிஷன் பள்ளியில் பின்னல் வேலை படித்த அம்மாவே அதையும் சுற்றிக் கொடுப்பாள்.

எங்கள் ஊர்க் கணவாய் வழியாக மேற்குக் காற்று இறங்கும் ஆனி, ஆடி மாதங்களில் அந்தப் பந்தை யார் அடித்தாலும் கிழக்கே பறந்துவிடும். "பந்து பணகுடிக்குப் போயாச்சு" என்பது ஊர்க் கேலி; பணகுடி கணவாய்க்கு அப்பால் உள்ள ஊர். சித்தப்பாவின் பந்து மட்டும் போகாது. அவர் மேற்கு வேலியைப் பார்த்து அடிப்பார். காற்று அதை வளைத்துக் கொண்டுவந்து கோட்டுக்குள் போடும். காற்று எந்தப் பக்கம், எவ்வளவு என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை. அது அவர் காதுமடலுக்கே தெரியும்.

படிப்பு முடிந்தும் வேலை கிடைக்காததால் இலங்கைத் தோட்டமொன்றில் கணக்கெழுத அவருக்கு இடம் பேசியிருந்தார்கள். அதற்குள் திருவனந்தபுரத்தில் ஒரு போட்டி வந்தது. விளையாட்டுப் பைத்தியமான பெரிய உத்தியோகஸ்தர் ஒருவர், கோப்பை வாங்குகிறவனுக்குத் தம் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா வேலை உண்டு என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார். தோற்றால் கப்பல்தான்.

"திருவனந்தபுரம்னா நெனச்சா வந்துரலாம். கப்பல் ஏறினவன நாம எங்கன போய்த் தேட?" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் அவ்வளவு ஜெபம் செய்து நான் பார்த்ததில்லை.

மோட்டார் வண்டியில் அப்பா, அம்மா, நான் எல்லோரும் போனோம். உயர்ந்த மதிலும் மாமரங்களும் சூழ்ந்த மைதானம். ஓர் இலை அசையவில்லை. சித்தப்பா தம் வழக்கப்படி மதில் பக்கமாக ஓங்கி அடித்தார். பந்து போனது, போய்க்கொண்டே இருந்தது. திருப்பிக் கொண்டுவரக் காற்று இல்லை. இப்படியே முதல் ஆட்டம் கைவிட்டுப் போயிற்று.

தண்ணீர் குடிக்க வந்தவரிடம் அப்பா பல்லைக் கடித்தார். "ஏலே, இங்க காத்து இல்லலே. நேரே அடி."

"தெரியும்ணே. கை கேக்க மாட்டேங்கு."

அம்மா அவர் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். "மக்கா, சின்னதுல வீட்டுக்குள்ள எங்கூட அடிப்பியே, விளக்குல படாம. அப்படித் தட்டு. ஓங்காத."

சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது ஆட்டமா மதினி?"

"நீ தட்டு."

அவர் தட்டினார். வலைக்கு அப்பால் பந்து பூ விழுவதுபோல விழுந்தது. அடுத்த இரண்டு ஆட்டங்களும் அவருக்கே. வேலை கிடைத்தது. அதன்பின் வருஷாவருஷம் கோப்பைகள். மதராஸ் வரை போய் ஜெயித்தார். நினைத்தால் வந்துவிடலாம் என்ற ஊரிலிருந்து கிறிஸ்மஸுக்கு மட்டும் வந்தார், சில வருஷம் அதுவும் இல்லை. அன்றைக்கு அம்மா அப்படித் தட்டச் சொல்லியிருக்க வேண்டுமா என்று இப்போது யோசிக்கிறேன். சொல்லாமல் இருந்திருக்க முடியுமா என்றும் யோசிக்கிறேன்.

நான் பெரிய வகுப்புக்குப் போன பிறகு, ஓர் ஆடி மாதத்தில் அபூர்வமாகச் சித்தப்பா விடுமுறைக்கு வந்தார். காலில் வெள்ளைச் சப்பாத்து, கையில் கடிகாரம். ஊர்ப் பையன்கள் விடாமல் மைதானத்துக்கு இழுத்துப் போனார்கள். புதிதாகச் சுற்றிய பந்தோடு அம்மாவும் வந்தாள், கையில் ஒரு செம்பு மோருடன்.

சித்தப்பா அழகாகத்தான் தட்டினார். பந்து வலையைத் தாண்டியதும் காற்று அதை அள்ளிக்கொண்டு போயிற்று. அடுத்ததும் அப்படியே.

"அண்ணாச்சி, பந்து பணகுடிக்குப் போயாச்சு" என்றான் ஒருவன். மைதானமே சிரித்தது. சித்தப்பாவும் சிரித்தார். பிறகு, வலைக்கம்பத்தருகே நின்ற என்னிடம் கேட்டார்:

"ஏட்டி, காத்து எங்கன இருந்து வருது?"

சாம்பியன் என்னிடம் அல்லவா கேட்கிறார். எல்லோரும் பார்க்கும்படி கையை நீட்டி மலைப்பக்கம் காட்டினேன்.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மோர்ச் செம்பைக் கம்பத்தடியில் வைத்துவிட்டு, ஆட்டம் முடியுமுன்னே வீட்டுக்கு நடந்தாள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டு நான் பந்து பொறுக்கக் கிழக்கே ஓடினேன்.