கூட்டி வகுத்த கணக்கு

எங்க அப்பாகிட்ட இருந்து வயலைப் பிடுங்கின மிராசுதார் ஒரு நாள் என் முன்னால வந்து நிக்கணும். அதுக்குத்தான் நான் இன்ஜினியரிங் படிச்சேன். மத்த காரணமெல்லாம் கேக்கறவங்களுக்காகச் சொல்றது.

அப்பா நீடாமங்கலம் பக்கத்துல அந்த மிராசுதாரோட பள்ளவயலைக் குத்தகைக்கு உழுதவர். ஒரு வருஷம் வெள்ளம் வடியவே இல்லை, கதிரெல்லாம் அழுகிப் போச்சு. பக்கத்துல அவரு சொந்தமா வெச்சிருந்த மேட்டு வயல் அமோகமா விளைஞ்சு கிடந்துச்சு. களத்துல நின்னு அந்த ஆளு என்ன சொன்னாரு தெரியுமா? "ரெண்டையும் கூட்டி வகு. சராசரிக்கு என்ன குத்தகை நெல் வருதோ அதை அளந்துட்டுப் போ." மேட்டு வயல் எங்க குத்தகையே இல்லை! அப்பாவால அளக்க முடியல. அடுத்த நடவுக்கு அங்க வேற ஆளு ஏர் பூட்டிட்டான். ஆட்சி மாறுச்சு, குத்தகைக்காரங்களுக்குச் சட்டம் வந்துச்சு, மேடைக்கு மேடை முழங்கினாங்க. எங்க வயல் மட்டும் திரும்பி வரல.

பின்னாடி மின்வாரியத்துல ஏ.இ., அதாவது உதவிப் பொறியாளர் ஆனதும், அந்த ஊருக்கே மாத்தல் கேட்டு வாங்கினேன். குறுவைக்கு நாத்து விட்டிருந்த நேரம், மேட்டூர்த் தண்ணி இன்னும் வந்து சேரல. கூலிக்காரங்க தெருவுல லைட்டு மினுக் மினுக்குங்குது, ஃபியூஸ் போய்க்கிட்டே இருக்குன்னு புகார்.

அது அறுபத்துமூணு கேவிஏ டிரான்ஸ்பார்மர். மூணு ஃபேஸுக்கும் பிரிச்சா ஒண்ணு இருபத்தோரு கேவிஏ சுமைதான் தாங்கும். அளந்து பார்த்தா சிவப்பு ஃபேஸ்ல நூத்திப்பத்து ஆம்பியர், மஞ்சள்ல ஐம்பது, நீலத்துல நாப்பது. ஒவ்வொண்ணையும் தனித்தனியா இருநூத்தி நாப்பது வோல்ட்டால பெருக்கினேன். மஞ்சள் பன்னெண்டு கேவிஏ, நீலம் பத்துகூட இல்லை, சிவப்பு மட்டும் இருபத்தாறைத் தாண்டிடுச்சு. வோல்டேஜ் நல்லா இருந்த ஃபேஸுன்னு தன் சிங்கிள் ஃபேஸ் மோட்டாரை எல்லாம் அதுக்கே மாத்தி வெச்சிருந்தது வேற யாரு, அந்தப் புண்ணியவான்தான். தெருவும் அதே ஃபேஸ்ல கிடந்துச்சு. உடனே அவரு மோட்டார் ஃபியூஸை எல்லாம் பிடுங்கச் சொன்னேன்.

ஓடி வந்தாரு, நான் குறிச்சு வெச்சிருந்த கணக்கை எட்டிப் பார்த்தாரு. "ஏ.இ. அம்மா, மூணையும் கூட்டுங்க. நாப்பத்தெட்டுதானே வருது? மூணால வகுத்தா ஒண்ணுக்குப் பதினாறு. டிரான்ஸ்பார்மர்ல இன்னும் எவ்வளவோ இடம் இருக்கே!"

அடப்பாவி, அதே வாய், அதே கணக்கு.

"கூட்டினா நாப்பத்தெட்டுதாங்க. ஆனா சிவப்புச் சுருள் கருகும்போது மஞ்சளும் நீலமும் வந்து பங்கு வாங்கிக்காது. மோட்டாரை மூணு ஃபேஸுக்கும் பிரிச்சுப் போடணும்னு எழுதிக் கொடுங்க. முறைப்படி ஆள் வருவாங்க."

"அதுக்குள்ள பள்ளவயல் நாத்து கருகிடும்மா." கையெடுத்துக் கும்பிட்டாரு.

பள்ளவயல்! அந்த வார்த்தையை அவரு வாயாலயே கேக்கணும்னுதான் இத்தனை வருஷம் காத்துக்கிட்டு இருந்தேன் போல. மேட்டு வயல்ல அவரோட ஆயில் இன்ஜின் தடதடன்னு ஓடிக்கிட்டு இருந்துச்சு.

"மேட்டு வயல் பச்சைப்பசேல்னுதானே இருக்கு?"ன்னு கேட்டேன். "ரெண்டையும் கூட்டி வகுத்துக்குங்க."

அப்பதான் அவரு என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாரு. நான் யார் பொண்ணுன்னு சொல்ல வேண்டி வரல.