மாமா நாக்கில் வைத்துப் பார்த்த இன்ஜின்

மீன், மல்லிகை, பெட்ரோல்... மூன்றும் கலந்த வாசனை எப்படி இருக்கும் தெரியுமா?

என் அக்கா வீட்டுக்காரர் கலிவரதன் மாமாவின் டாக்ஸியில் ஏறியிருந்தால் தெரிந்திருக்கும். விடிகாலையில் வைத்திக்குப்பத்தில் மீன் கூடைகளை ஏற்றி மார்க்கெட்டில் இறக்குவார். பிறகு கடலோர அடிபம்பில் வண்டியைக் கழுவி, ரேடியேட்டருக்கும் அதே தண்ணீரை ஊற்றுவார். சாயங்காலம் அதே வண்டியில் கல்யாணப் பெண் ஏறுவாள். அந்த ஒரு வண்டியை வைத்துத்தான் அக்கா வீட்டில் அடுப்பு எரிந்தது.

எண்பதுகளின் தொடக்கம். மூலக்குளத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு, பழைய இன்ஜின் சாமான் வாங்கி விற்கத் தொடங்கியிருந்தேன். இரும்பைத் தட்டிப் பார்த்தே அதன் யோக்கியதையைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு மிதப்பு.

அந்த வருஷம் லீவில் வந்தான் என் கூட்டாளி ழோசேப்பு. அவன் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். இவனுக்கு பிரான்சில் கார் கராஜ் வேலை. மற்றவர்கள் சென்ட்டும் சாக்லேட்டும் கொண்டுவருவார்கள். இவன் சூட்கேஸில், டவலில் சுற்றி, ஒரு டர்போ கொண்டுவந்தான்! அடிபட்ட காரில் கழற்றியதாம். பெரிய நத்தை ஓடு மாதிரி இருந்தது. இன்ஜினுக்குள் காற்றை அமுக்கி அனுப்பி, அதன் சக்தியைக் கூட்டிவிடும் சாமான்.

அப்போதெல்லாம் ஞாயிறு காலையில் லாஸ்பேட்டை பழைய ரன்வேயில் 'இழுப்பு' நடக்கும். இரண்டு வண்டி பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கர்ச்சீப் இறங்கியதும் நேராகப் பாய வேண்டும். இன்றைக்கு டிராக் ரேஸ் என்கிறார்களே, அதுதான்.

மாமா ஒருநாள் வேடிக்கை பார்க்கப் போனார். கடலூர் ரைஸ்மில் முதலாளியின் மகன், வெளிநாட்டுக் கார்க்காரன், மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"இன்னாங்க, கருவாடு டெலிவரியா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

"மச்சான், அந்த நத்தய நம்ம வண்டில மாட்றோம்."

"இன்ஜின் தாங்குமா மாமா?"

ழோசேப்பு பானெட்டைத் திறந்து, இன்ஜினின் உடம்பான பிளாக்கைத் தட்டினான். "அந்தக் காலத்து வார்ப்பிரும்புடா இது. எம்மாந் தடிமன் பாரு! இதுக்கு ஒண்ணும் ஆவாது."

நானும் ஸ்பேனரால் தட்டினேன். மணி மாதிரி கணீரென்றது. போதாதா?

அக்கா மட்டும் வாசலை மறித்து நின்றாள். "வண்டிக்கு எதுனா ஆச்சுன்னா, மூணு பேரும் மீன் கூடைய தலைல தூக்குவீங்களா?"

"தூக்கறோம். நீ மொதல்ல வழிய வுடு" என்றார் மாமா.

டர்போவை மாட்டி, அடுத்த ஞாயிறு கடலூர்க்காரன் காருக்குப் பக்கத்தில் டாக்ஸியை நிறுத்தினோம். கர்ச்சீப் இறங்கியது. "அலே! அலே!" என்று, 'போ, போ' என்பதைப் பிரெஞ்சில், ழோசேப்பு தொண்டை கிழியக் கத்தினான். டர்போ விசிலடிக்க டாக்ஸி பாய்ந்தது பாருங்கள்... பாதி ரன்வேயில் கடலூர்க்காரன் பின்னால்! நான் குதித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

வெடிச் சத்தம் இல்லை. முற்றிய தேங்காயைக் கல்லில் ஓங்கி அடித்த மாதிரி ஒரே ஒரு 'படக்'. வெள்ளையாகப் புகை. வண்டி தன் ஆயிலிலேயே வழுக்கி, பக்கவாட்டில் திரும்பி நின்றது.

ஓடினோம். மாமா ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தார். அடி எதுவும் இல்லை.

பானெட்டைத் திறந்தேன். பிளாக்கின் பக்கச் சுவரில் கை நுழைகிற ஓட்டை. பிஸ்டனைத் தள்ளும் ராடு வளைந்து, அதன் வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஓட்டைக்குள் பார்த்தால் கீழே தரை தெரிகிறது! இரும்பு துணி மாதிரி கிழியும் என்று யார் நினைத்தது?

கடலூர்க்காரன் சிரிக்கவில்லை. எட்டிப் பார்த்து, "ஐயையோ" என்றான். மாமாவின் டிக்கியில் கிடந்த மீன்கூடைக் கயிற்றையே எடுத்துத் தன் காரில் கட்டி, மூலக்குளம் வரை இழுத்துவந்து விட்டான்.

மறுநாள் அந்த பிளாக்கை அறுத்துப் பார்த்தோம். நிஜமான அதிர்ச்சி அங்கேதான் இருந்தது.

வெளிச்சுவர் கல் மாதிரி இருந்தது. உள்ளே சிலிண்டர் சுவரோ அப்பளக் கனம். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்துவது அன்றைய வழக்கம்; மாமா பலமுறை செய்திருந்தார். அது ஒரு பக்கம். சுவரின் மறுபக்கம், தண்ணீர் ஓடும் வழியெல்லாம், துரு பட்டை பட்டையாக உதிர்ந்தது. மாமா அதில் ஒரு துணுக்கை எடுத்து நாக்கில் வைத்தார்.

"உப்பு, மச்சான்."

வைத்திக்குப்பத்து அடிபம்ப்! வருஷக்கணக்காக அந்தத் தண்ணீர் தின்றிருக்கிறது. டர்போ அமுக்கியதும் சுவர் உடைந்து, தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கிறது. தண்ணீரைப் பிஸ்டனால் அமுக்க முடியுமா? ராடு வளைந்து வெளியே வந்துவிட்டது. நான் தட்டிப் பார்த்ததும் ழோசேப்பு தட்டிப் பார்த்ததும் வெறும் வெளிச்சுவரை.

"டர்போ இல்லன்னாலும் இது பூட்டுருக்கும்" என்றான் ழோசேப்பு. "எந்த ரோட்லன்றதுதான் தெரியாது."

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த வாரம் திண்டிவனத்துக்கு ஒரு கல்யாணப் பெண்ணை ஏற்றிப்போக ஒப்புக்கொண்டிருந்தார்.

விஷயத்தைச் சொன்னபோது அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தோம். திட்டவில்லை. மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள், எங்கள் முன்னாலேயே.

என் கொட்டகையில் கிடந்த வேறொரு இன்ஜினை மாட்டினோம். அதன்பிறகு டிக்கியில் எப்போதும் ஒரு குடம் குழாய்த் தண்ணீர் இருக்கும். "இன்ஜினுக்கு நல்ல தண்ணியாம்!" என்று டாக்ஸி ஸ்டாண்டே சிரித்தது. அவர் கண்டுகொள்ளவில்லை.

இப்போது என் கடைக்கு லேப்டாப்போடு பையன்கள் வருகிறார்கள். "அங்கிள், பிளாக் கம்பெனி பிளாக்குதான். டபுள் பவர் ஏத்தலாம், தாங்கும்." அன்றைக்கு அறுத்த பிளாக் துண்டை எடுத்துக் கையில் கொடுப்பேன். திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பழைய டெக்னாலஜி அங்கிள்" என்பார்கள். அதுவும் நிஜந்தான். அவர்களுக்கு எல்லாம் திரையில் தெரிந்துவிடுகிறது. எங்களுக்கு ஒரு ஸ்பேனர் இருந்தது... காது இருந்தது... அதை நம்பினோம்.

போன வாரம் என் மகன் புதுக் கார் எடுத்தான். எல்லோரும் சன்ரூஃபைப் பார்த்து வியந்துகொண்டிருக்க, மாமா தடியை ஊன்றி முன்பக்கம் போனார்.

"பானெட்ட தொறடா."

ரேடியேட்டர் டப்பாவின் மூடியைத் திருகி, தண்ணீருக்குப் பதில் இப்போது ஊற்றும் ரோஸ் நிற கூலன்ட்டில் விரலை விட்டு, நேராக வாய்க்குக் கொண்டுபோனார். நானும் மகனும் பாய்ந்து கையைப் பிடித்தோம்.

"மாமா! அது வெஷம்!"

எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெஷந்தானே? உப்பு இல்லியே... அப்ப பயப்படாம ஏறுங்க."