ஒற்றைக் கையால் பின்னிய அசிர்த்திகோ

ஆகஸ்டில் திராட்சை அறுவடை முடிந்த சில நாட்களில், நுரைக்கல் சுரங்கத்தில் கூலி வேலையும் பார்த்த திராட்சைத் தோட்டக்காரன் ஸன்னிஸின் இடது கையைச் சரிந்த பாறை முழங்கைக்கு மேலே வாங்கிக்கொண்டது. காயம் ஆறி எழுந்தபோது குளிர்காலம், கொடிகளை வெட்டிப் பின்னும் கவாத்துக் காலம் வந்துவிட்டது.

எங்கள் சாந்தோரினித் தீவில் அசிர்த்திகோ என்ற திராட்சைக் கொடியைப் பந்தலில் ஏற்ற முடியாது. வடகாற்று பிய்த்தெறிந்துவிடும். தரையோடு தரையாகக் கூடைபோல் வளைத்துப் பின்னி, குலைகளை உள்ளே காக்க வேண்டும். அதற்கு இரண்டு கைகள் வேண்டும்.

அவன் மனைவி அனெசோவின் அண்ணன் மத்தேயோஸ் பிரேயுஸ் துறைமுகத்திலிருந்து வந்திருந்தான்.

"மாப்ளே, கை போனவங்களுக்குப் பெட்டிக்கடை லைசென்ஸ் குடுக்கறாங்க. நிழல்ல உக்காந்து சிகரெட் விக்கலாம். கெளம்பு."

"கொடிய யாரு பாக்கறது மச்சான்?"

"எவனுக்காவது வித்துடு."

"ஒனக்குப் பல்லு போனா வாயையும் வித்துடுவியா?"

அனெசோ தலைத்துணியால் சிரிப்பை மூடிக்கொண்டாள்.

மறுநாளே ஸன்னிஸ் தோட்டத்தில் மண்டியிட்டான். கொடியின் நீண்ட கிளையான வளாரை முழங்காலால் அழுத்தி, நுனியைப் பல்லால் கடித்து இழுத்து, வலது கையால் பின்னினான். பாதி வளார்கள் முறிந்தன. உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

"நகரு, நான் புடிக்கறேன்" என்றாள் அனெசோ.

"நீ கட்டு மட்டும் போடு. பின்னறது நான்."

அவள் எட்டிப் பார்த்தாள். "இது கூடையா, காக்கா கூடா?"

"காக்கா அதுலதான குஞ்சு பொரிக்குது?"

வசந்தத்தில் காற்று விட்டுவைக்கவில்லை. தளர்ந்த கூடைகள் அவிழ்ந்தன, பூக்கள் மணல் அடித்துக் கருகின. காலை முழுக்க அவன் கற்சுவரில் உட்கார்ந்திருந்தான். அழுதானோ என்னவோ, யாரும் கிட்டே போகவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் அவசரப்படவில்லை. கடல் ஈரம் ஏறி வளார் இளகும் நாட்களில் மட்டும் வேலை செய்தான். கோவேறு கழுதையின் பழைய வாரை இடுப்பில் கட்டி, பல்லுக்குப் பதில் வளாரின் நுனியை அதில் மாட்டி இழுத்தான். கூடைகள் அழகாக இல்லை, ஆனால் இறுக்கமாக இருந்தன. அந்த வசந்தத்தில் நான்கைந்துதான் அவிழ்ந்தன.

அறுவடைக்கு மத்தேயோஸ் வந்து கூடவே திராட்சை மிதித்தான். குளிர்காலம் திரும்பியதும் புது ஒயினைக் குடித்துப் பார்க்கவும் வந்தான்.

"என்ன மாப்ளே, பல்லு கூசுது! உப்பு வேற கரிக்குது. கடலையும் சேத்து மிதிச்சோமா?"

"புடிக்கலன்னா வையி."

மத்தேயோஸ் கோப்பையை வைக்கவில்லை. பெட்டிக்கடைப் பேச்சையும் எடுக்கவில்லை.

அந்த ஜனவரியில் பக்கத்துத் தோட்டக்காரன் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினான். "கொடிகள நீ பாத்துக்கறியா?" என்று ஸன்னிஸிடம்தான் கேட்டான். அனெசோ வேண்டாமென்று கண்ணைக் காட்டினாள். ஸன்னிஸ் அதற்குள் தலையாட்டிவிட்டான்.